என் கண்ணில் ஒரு குறையும் இல்லை

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு டோஸ்ட்மாஸ்டராக நிற்கப் போகிற எரிக் நேற்றுப் பின்னேரம் தொலைபேசியில் சொன்னான். ஆகவே சுகம் விசாரிக்கிற வேலையை விட்டுவிடுகிறேன். நான் சுகமாக இல்லை. எனக்குக் கோபம். அம்மா போட்டுத் தந்த தேத்தண்ணி மேசையில் ஆறிக் கிடக்கிறது, நான் அலுமாரியிலிருந்து கடதாசி எடுத்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். தொலைபேசியில் சொன்னால் நீ நடுவில் "சரியப்பா, சரியப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்துக்கு நடுவில் அப்படிச் சொல்ல முடியாது. உன்னைச் சனிக்கிழமை தோறும் பனிக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தமிழ்ப் பள்ளியில் விட்டது இன்றைக்குத்தான் உதவப் போகிறது. மெதுவாக வாசி. விளங்காத சொல் வந்தால் அம்மாவைக் கேள், என்னைக் கேட்காதே.

எரிக் கூப்பிட்டது உன் சின்ன வயதுப் படங்கள் கேட்டு. சாப்பாட்டுக்குப் பிறகு திரையில் காட்டப் போகிறார்களாம். நல்ல பிள்ளை. இருபது நிமிடம் கதைத்தோம். இருபது நிமிடமும் நோர்வேஜிய மொழியில்தான் கதைத்தோம், அதைக் கவனத்தில் வைத்துக்கொள். என் பேச்சு ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டுகிற மேசையில் கற்ற பேச்சு என்று முதல் வசனத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். அவனுடைய தாயும் வடக்குத்தானாம். நான் ஒரு வடக்கத்திக் கெட்ட வார்த்தையைச் சும்மா பழக்கத்தில் விட, விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சந்தோசத்தில் கேட்டேன்: "என் பேச்சு எத்தனையாவது?" இந்த நாட்டுக் கல்யாணங்களில் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழும்பிப் பேசுவதும், யார் எப்போது என்று டோஸ்ட்மாஸ்டர் பட்டியல் வைத்திருப்பதும், பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையின் தகப்பனும் அதில் கட்டாயம் இருப்பதும் எனக்குத் தெரியும். பதினான்கு வருடமாக இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறேன், கூட வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளின் கல்யாணம் மூன்றுக்குப் போயிருக்கிறேன். எரிக் கடதாசியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு எரிக் சொன்னான்: "உங்கள் பெயர் பட்டியலில் இல்லை. நோர்வேஜிய மொழி உங்களுக்குக் கஷ்டம், பேசச் சொல்லிக் கரைச்சல் கொடுக்க வேண்டாம் என்று அவன் சொன்னான்." சொல்லி முடிக்கும்போதே அந்தப் பிள்ளைக்குத் தான் என்ன சொல்கிறோம் என்பது உறைத்துவிட்டது. அவன் குரல் இறங்கியதைக் கேட்டு எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

தொலைபேசியை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு உடனே உன் பக்கம்தான்.

"விடுங்கோவன். பிள்ளைக்குக் கூச்சமாக்கும். நீங்கள் மைக்கைப் பிடிச்சால் லேசிலை விடமாட்டியள் எண்டு அவனுக்குத் தெரியும்."

"கூச்சம் எண்டால் எனக்கு நேரை சொல்லட்டும். ஏன் மொழி தெரியாது எண்டு பொய் சொல்லவேணும்?"

"கலியாணத்துக்கு ஆறு கிழமை கிடக்கு. இந்த நேரத்திலை சண்டை பிடிக்காதேங்கோ."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இது ஒரு தரம் நடந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். நான் சொல்லாததை நான் சொன்னதாக, என்னில் இல்லாததை இருப்பதாக, நீ உன் வருங்கால மாமனார் ஸ்டைனாருக்கு முன்னால் இரண்டு தரம் சொன்னாய். அந்த இரண்டு தரமும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இது மூன்றாவது.

சித்திரை மாத விடுமுறையைச் சொல்கிறேன். ஸ்டைனார் நல்ல மனிதர். பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒன்றாக ஒரு கிழமை எங்காவது போய் இருக்க வேண்டும் என்று நினைத்ததே பெரிய விசயம். எங்கள் ஆட்கள் என்றால் மண்டபத்தில் சந்தித்து, றோல்ஸ் சாப்பிட்டு, சாதகத்தையோ ஞானஸ்நானப் பத்திரத்தையோ பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் பறவை பார்க்கிற ஆள். ஆகவே வசந்தத்தில் ஆபிரிக்காவிலிருந்து பறவைகள் வந்து இறங்குகிற ஒரு கிரேக்கத் தீவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கரையில் நின்றால் எதிரே துருக்கி தெரிகிற தீவு. "தீவு என்றால் உங்களுக்குப் பிடிக்குமா?" என்று என்னைக் கேட்டார். யாழ்ப்பாணத்தில் என்னைத் 'தீவான்' என்று நக்கலடித்த அத்தனை பேரும் அப்போது நினைவுக்கு வந்தார்கள். "நான் பிறந்ததே தீவில்தான்" என்றேன். "ஆ, இப்போது அங்கேயும் சமாதானம் வந்துவிட்டதே, நோர்வே முன்நின்று செய்ததல்லவா, அடுத்த முறை அங்கே போவோம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். விமானநிலையத்தில் ஒரு பொதியை என் கையில் தந்தார். சிவப்பு நாடா கட்டிய பொதி. பிரித்தால் உள்ளே பைனாக்குலர். நல்ல விலையான சாமான் என்று பார்த்த உடனேயே தெரிந்தது. அம்மாவுக்கும் ஒன்று. அம்மா அங்கேயே கழுத்தில் மாட்டிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களின் பெட்டிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

நான் என்னுடையதை ஹோட்டல் அலுமாரியில் துவாயால் சுற்றி வைத்தேன். முதல் நாள் காலை, உப்பளத்துக்குப் போகிற பாதையில் வாடகை வானை நிறுத்தி இறங்கினோம். பாதையோரம் ஒரு பலகை, அதில் கமராப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. கொஞ்சம் தள்ளி முட்கம்பி, அதற்குள் பச்சைச் சீருடையில் பையன்கள். ஸ்டைனார் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, உங்களுடையது எங்கே என்று கேட்டார். முட்கம்பியைக் கண்டதும் எனக்குத் தமிழ்தான் வாயில் வந்தது, உன்னிடம் தமிழில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவில்லாவிட்டால் இதோ: "உதைக் கழுத்திலை கொழுவிக்கொண்டு ஆமிக்காம்புக்குப் பக்கத்திலை நான் நிக்கமாட்டன் எண்டு சொல்லு. ஏன் எண்டு பிறகு ஆறுதலாச் சொல்லுறன் எண்டும் சொல்லு." நீ அவர் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், நோர்வேஜிய மொழியில் சொன்னாய்: "அப்பாவுக்குக் கண் அவ்வளவு சரியில்லை. தூரத்தில் இருப்பது தெரியாது, பைனாக்குலராலும் பிரயோசனமில்லை. சொல்ல வெட்கப்படுகிறார்."

தம்பி, நான் பஸ் ஓட்டுகிறவன்! உறைபனியில் அம்மருட் ஏற்றத்தில், முன்னால் ஓடுகிற நாய்க்குட்டியைக் கண்டு பிரேக் பிடிக்கிறவன். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிற ஒவ்வொரு தரமும் கண் பரிசோதனைக்குப் போய், கடைசி வரியின் கடைசி எழுத்து வரை வாசித்துவிட்டு வருகிறவன். என்னை ஒரு வசனத்தில் குருடாக்கினாய். நான் அங்கேயே மறுத்திருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தேன். கல்யாணப் பெண் இங்ரிட் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண் வீட்டுக்காரருக்கு முன்னால் என் பிள்ளையைப் பொய்யனாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஏழு நாளும் குருடனாக நடித்தேன். அது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியுமா? படி வந்தால் ஸ்டைனாரின் மனைவி என் முழங்கையைப் பிடித்தார். சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியலை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார், பக்கத்து மேசைக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்க்க. ஸ்டைனாரோ ஒவ்வொரு பறவையையும் எனக்கு விவரித்தார். "இப்போது ஒரு பஞ்சுருட்டான் கம்பியில் வந்து இருக்கிறது. முதுகு செம்மண் நிறம், தொண்டை மஞ்சள்." நான் அதைப் பார்த்துக்கொண்டே, காணாதவன் மாதிரி வானத்தை வெறித்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டாம் நாள் அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, மிகவும் அக்கறையாக, இன்னும் எத்தனை காலம் பஸ் ஓட்ட நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பாவம், அந்த மனிதர் ஒஸ்லோவின் பயணிகளை நினைத்துக் கவலைப்பட்டிருப்பார்.

இனிச் சொல்வதைக் கேட்டு நீ சிரித்தாலும் சரி, எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நான்காம் நாள் ஓர் ஓடைக்கரையில் நின்றோம். ஸ்டைனார் பதினொரு வருடமாக ஒரு பறவையைத் தேடுகிறார் என்று உனக்குத் தெரியும். நாணலுக்குள் ஒளிந்து திரிகிற குட்டிக் கானாங்கோழி. வழி முழுக்க அதைப் பற்றித்தான் கதை. எல்லோரும் முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியால் தூரத்து நாணலைத் துருவிக்கொண்டிருந்தீர்கள். அது என் காலடிக்குப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, நீர்விளிம்பில், சேற்றைக் கொத்திக்கொண்டு நடந்து போனது. நீலச் சாம்பல் நெஞ்சு, பச்சை அலகு, அலகின் அடியில் துளி சிவப்பு. வாலைச் சொடுக்கிச் சொடுக்கி, சந்தைக்குப் போகிற பெண் மாதிரி அவசரமில்லாமல் நடந்தது. நான் வாயைத் திறந்தேன். திறந்துவிட்டு மூடினேன். கண் தெரியாதவன் எப்படிக் கூப்பிட்டுக் காட்டுவது? "அங்கே பாருங்கள்" என்றால் "உங்களுக்கு எப்படித் தெரிந்தது" என்று கேட்பார். நீ பொய்யன் என்று வெளியே வரும். அது நாணலுக்குள் போய்விட்டது. பின்னேரம் வானில் திரும்பும்போது ஸ்டைனார் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, "பரவாயில்லை, இன்னொரு வருடம் பார்ப்போம்" என்றார். எனக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன்னுடைய ஒரு வசனம் அவருடைய பதினொரு வருடத் தேடலைக் கெடுத்தது என்று உனக்கு இதுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

இரண்டாவது தரம் ஆறாம் நாள். அதே உப்பளப் பாதை. பூநாரைக் கூட்டம் ஒன்று இறங்கியிருந்தது. ஜீப் ஒன்று வந்து நின்றது. இரண்டு பையன்கள் இறங்கினார்கள், இருபது வயதுகூட இராது. முகாம் பக்கம் பைனாக்குலரைத் திருப்ப வேண்டாம், மற்றப் பக்கம் எவ்வளவும் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். ஒரு கை மேலே போய்விட்டது. மற்றக் கை சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டியது. நான் யோசித்துச் செய்யவில்லை. கையும் காலும் தாமாகச் செய்தன. அந்தப் பையன் பதறிப்போய் "நோ, நோ, சேர், நோ ப்ரொப்ளம்" என்றான். நீ ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாய்.

"அப்பா, கையை இறக்குங்கோ. ஆக்கள் பாக்கினம்."

பிறகு திரும்பி ஸ்டைனாருக்குச் சொன்னாய், வெயிலாம். அப்பாவுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டதாம். இருபது பாகை வெயில்! மாசி பங்குனி வெயிலில் வெறுங்காலோடு கடற்கரை மணலில் வலை இழுத்தவனுக்கு, நோர்வேக்காரர் கழுத்தில் குளிருக்குத் துணி சுற்றிக்கொண்டு நின்ற அந்தக் காலையில், வெயில் தலைக்கு ஏறிவிட்டதாம். என்னைக் கொண்டுபோய் வானுக்குள் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் போத்தலைத் தந்தார்கள். நானும் குடித்தேன்.

இனி என் பங்குக்கு வருகிறேன். உன்னில் இவ்வளவு பிழை சொல்கிறவன் தன்னுடையதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. பொய்யாக மொழிபெயர்க்க உனக்குப் பழக்கியது நான்தான். ஹம்மர்பெஸ்டில் உனக்கு ஒன்பது வயது. நீ பள்ளிக்கூடத்தில் ஒரு வருடத்தில் பிடித்த மொழியை நான் தொழிற்சாலையில் மூன்று வருடமாகியும் பிடிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, முந்திய நாள் முழுக்க நண்பர்களோடு முந்நூற்றிநாலு சீட்டு விளையாடிய களைப்பில், வேலைக்குப் போக எனக்குச் சோம்பல். தொலைபேசியை உன் கையில் தந்து, "அப்பாவுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லடா" என்றேன். நீ சொன்னாய். நான் சொல்லித் தராத முப்பத்தொன்பது பாகையையும் சேர்த்துச் சொன்னாய். மத்தியானம் தொழிற்சாலைப் போர்மன் ஒரு சட்டி மீன் சூப்போடு கதவடியில் வந்து நின்றான். நான் போர்வைக்குள் பாய்ந்தேன். நீ அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, என் நெற்றியில் கை வைத்து, பெரிய மனிதன் மாதிரி அவனுக்கு ஏதோ விளக்கம் சொன்னாய். அவன் போன பிறகு உன் கன்னத்தைத் தட்டி "கெட்டிக்காரன்" என்று சொன்னேன். சூப்பை இரண்டு பேரும் குடித்தோம். அம்மா எங்கள் இரண்டு பேரோடும் அன்றைக்கு முழுக்கக் கதைக்கவில்லை. அவள்தான் சரி என்பது எனக்கு அந்த உப்பளக் கரையில் விளங்கியது. அன்றைக்குப் போர்மனுக்குச் சொன்ன அதே முகத்தோடுதான் நீ ஸ்டைனாருக்கும் சொன்னாய்.

பைனாக்குலர் விசயத்தை 'பிறகு ஆறுதலாகச் சொல்கிறேன்' என்றேன். உனக்கு அதைக் கேட்க நேரம் வரவில்லை, எனக்கும் இருபது வருடமாகச் சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். உன் பெரியப்பா, என் அண்ணன், கப்பலில் வேலை செய்தவர் என்று தெரியும். ஒருமுறை ஜெர்மனியிலிருந்து ஒரு பைனாக்குலர் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அது துவக்கு வைத்திருப்பதற்கு அடுத்தபடியான குற்றம். கடலில் நேவி, தரையில் ஆமி, யாரைப் பார்க்க இது என்று கேட்பார்கள். அவர் அதைப் பெட்டிக்கு அடியில் சேலைகளுக்குள் வைத்திருந்தார், வெளியில் எடுக்க வேண்டாம் என்று எனக்கு இரண்டு தரம் சொல்லியும் வைத்திருந்தார். நான் எடுத்தேன். உனக்கு ஐந்து வயது. களப்பில் பூநாரைகள் வந்து இறங்கியிருந்தன. உன்னைத் தோளில் இருத்தி, அதை உன் கண்ணில் பிடித்து, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டேன். நீ காலால் என் நெஞ்சில் உதைத்துக்கொண்டு கத்தினாய், தெரியுது என்று. விமானத்தில் நீ இங்ரிட்டிடம் சொன்னாயே, பறவை பார்க்க உனக்குச் சொல்லித் தந்தது ஸ்டைனார்தான் என்று. நான் பின் இருக்கையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்குக் காதும் நன்றாகக் கேட்கும்.

அன்றைக்குத் திரும்பி வந்து அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. நாளைக்கும் நீ கேட்பாய் என்று யன்னல் ஆணியில் கொழுவிவிட்டேன். அடுத்த நாள் ஞாயிறு முதற்பூசை முடிந்து வருகிற நேரம் ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். எங்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். தொப்பி கழற்ற வேண்டும், ஒரு கை தூக்க வேண்டும், மற்றக் கையில் அடையாள அட்டை. ஒருவன் யன்னலிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்து "யாருடையது?" என்று கேட்டான். நீ என் காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். நான் வாயைத் திறந்தேன். திறந்தேனா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை. எனக்கு முன்னால் அண்ணன் சொல்லிவிட்டார்: "என்ரை. நான் கப்பல்காரன்." அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏழு மாதம் கழித்து வந்தார். வலது காது கேட்காது. யன்னலில் யார் கொழுவியது என்று அவர் என்னிடம் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கு, கப்பல் எஞ்சின் சத்தத்தில் காது போய்விட்டது என்று சொன்னார். நீயும் சின்ன வயதில் கேட்டாய், நானும் எஞ்சின் என்றுதான் சொன்னேன். அவர் அப்படிச் சொன்னது என்னைக் காப்பாற்ற. நான் சொன்னது என்னை நானே காப்பாற்ற. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும்.

ஆகவே எனக்கு உன்னில் கோபிக்க உரிமை இல்லை என்று நீ நினைக்கலாம். இருக்கிறது. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று நீ சொல்லியிருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன். எனக்குத் தெரிந்ததை, நான் கண்டதை, நான் பட்டதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சுகமில்லாத கிழவனை வைத்தாய். அவர்களுக்கு அந்தக் கிழவனோடு பழகுவது இலேசு, அவனுக்காகப் பரிதாபப்படலாம், முழங்கையைப் பிடிக்கலாம். உண்மையில் வந்தவன் யார் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. ஸ்டைனார் எவ்வளவு நல்லவர் என்றால், திரும்பி வந்து மூன்றாம் கிழமை எனக்கு ஒரு கண் வைத்தியரிடம் தன் செலவில் நேரம் எடுத்துக் கொடுத்திருந்தார். போகாவிட்டால் அவரை அவமதித்ததாகும் என்று போனேன். அந்தப் பெண் வைத்தியர் அரை மணித்தியாலம் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "உங்களை யார் இங்கே அனுப்பியது?" என்று கேட்டார். அவர் எழுதித் தந்ததன் பிரதி ஒன்றை இதனோடு வைத்திருக்கிறேன். வாசித்துப் பார். அது நோர்வேஜிய மொழியில் இருக்கிறது, உனக்குக் கஷ்டமிராது.

நீ இனி இரண்டு வீட்டுக்கு நடுவில் நிற்கப் போகிறவன். இங்ரிட் சொல்வதை அம்மாவுக்கும், அம்மா சொல்வதை இங்ரிட்டுக்கும் வருடக் கணக்கில் நீ மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டி வரும். அம்மா "உடம்பு வைச்சிட்டாய்" என்று சொன்னால் அதை அப்படியே சொல்லு, அந்தப் பிள்ளை கோபித்தால் கோபிக்கட்டும், பிறகு இரண்டு பேரும் தாங்களே கதைத்துத் தீர்ப்பார்கள். நீ சீனி போட்டுக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தால், பத்து வருடம் கழித்து ஒருவரை ஒருவர் தெரியாமலே ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவார்கள். நானும் ஸ்டைனாரும் அந்தத் தீவில் ஒரு கிழமை அப்படித்தான் இருந்தோம். அவர் உண்மையைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறாய்? நான் நினைக்கிறேன், தன் கழுத்தில் இருந்ததையும் கழற்றி வானுக்குள் வைத்திருப்பார்.

கல்யாணத்துக்கு வருவேனா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வராமல் எங்கே போவது? கோட்டு சூட்டு தைக்கக் கொடுத்தாயிற்று. இன்றைக்குக் காலையில் எரிக்கைத் திரும்பக் கூப்பிட்டேன். பட்டியலில் என்னைப் போட்டாயிற்று, ஸ்டைனாருக்கு அடுத்ததாக. நோர்வேஜிய மொழியில்தான் பேசப் போகிறேன், ஹம்மர்பெஸ்ட் நோர்வேஜியத்தில், கெட்ட வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு. "என் கண்ணில் ஒரு குறையும் இல்லை" என்று தொடங்குவேன். இங்ரிட்டை எங்கள் வீட்டுக்கு வா என்று வரவேற்பேன். ஸ்டைனாரிடம் அந்தக் கானாங்கோழிக்கு மன்னிப்புக் கேட்பேன், அது எந்த நாணலுக்குள் போனது என்றும் சொல்வேன். பிறகு, உனக்கு முதன்முதலில் பறவை காட்டிய பைனாக்குலர் யாருடையது என்பதையும், அது யன்னலுக்கு எப்படி வந்தது என்பதையும், "என்ரை" என்று சொன்னது யார் என்பதையும் சொல்வேன். நீளமாகப் பேசமாட்டேன். கல்யாண வீட்டில் எது போதும் என்று எனக்குத் தெரியும்.

பெரியப்பா கனடாவிலிருந்து வருகிறார். அவருக்கு நோர்வேஜிய மொழி ஒரு சொல்லும் விளங்காது. ஆகவே எரிக்கிடம் இன்னொன்றும் கேட்டிருக்கிறேன். நான் எழும்பும்போது நீ மாப்பிள்ளைக் கதிரையை விட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்து, நான் சொல்லச் சொல்ல அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஒன்றும் கூட்டாதே, ஒன்றும் குறைக்காதே, நான் சொல்வதைச் சொல்லு. இருபது வருடமாக அந்த மனிதருக்கு நான் நேரே சொல்லாததை உன் வாயால் கேட்கப் போகிறார்.

அவருடைய இடது பக்கமாக உட்கார். வலது காது அவருக்குக் கேட்காது.

அப்பா